எட்டில் எத்தனை?

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. தமிழர்கள் கேட்டும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பாறசாலையை ஒட்டிய கிராமங்களில் எல்லைக்கோடு விழுந்த கதை இது. சவரக்கத்திக்கோ வேறு கோடு: அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

4/8 அங்குலக் கத்தி மூக்கடியில் லாவகமாகத் திரும்பும். 7/8 கனமானது, நுரையை நிறைய வாரும், மூக்கடியில் திணறும். இரண்டுக்கும் நடுவே 5/8. ஒவ்வொன்றையும் சில வாரம் பழகினால்தான் கை தன் தீர்ப்பைச் சொல்லும்.

1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அடுத்து வந்த எய்ட்ஸ் பிரசாரம் 'புது பிளேடு கேளுங்கள்' என்றது. சலூன்களில் பிளேடு மாட்டும் கத்தி வந்தது. அதில் அகலம் பார்க்க ஏதுமில்லை. வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பு, தொழிலாளிக்கோ கைக்கு இசைந்த கத்தி போயிற்று. அந்தத் தேர்வு இன்று வீட்டில் சொந்தக் கத்தி வைத்திருப்பவருக்கே மிச்சம். அவர் 5/8-ல் தொடங்கலாம்.