ஒரு நாடு குறித்த திதி

பெற்றோர் மறைந்த திதியில் ஆண்டுதோறும் சிராத்தம் செய்கிறோம். திதி தெரியாமற் போனவர்களுக்கும் மகாளய அமாவாசையன்று எள்ளும் நீரும் இறைக்கிறோம். எவரும் விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காக முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு இது. சமயம் வேறாயினும், இதே கவலை ஒரு நாட்டைச் சட்டம் இயற்ற வைத்ததை மெய்யன்பர்கள் அறிந்திருத்தல் நன்று.

இத்தாலியின் வடபகுதியில் உள்ளது பெர்காமோ நகரம். 2020 மார்ச் மாதத்தில் கோவிட் 19 பெருந்தொற்று அங்கே கடுமையாகத் தாக்கியது. நகரின் தகனச்சாலை இரவு பகலாக இயங்கியும் போதவில்லை. மார்ச் 18ஆம் நாள் இரவு இராணுவ லாரிகள் வரிசையாக வந்து, சவப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வேறு மாநிலங்களுக்குப் புறப்பட்டன. பின்னால் நடந்து செல்ல உறவினர் ஒருவரும் இல்லை. இறுதிச் சடங்குகளுக்கு அப்போது நாடு முழுவதும் தடை. நோயாளியாக வாகனத்தில் ஏற்றி அனுப்பியவரைப் பலர் சாம்பலாகத்தான் திரும்பப் பெற்றனர்.

2021 மார்ச்சில் இத்தாலிய நாடாளுமன்றம் அந்த மார்ச் 18ஐயே பெருந்தொற்றில் மாண்டோரின் தேசிய நினைவு நாளாகச் சட்டமாக்கியது. முதல் தொற்று கண்ட நாளை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. தொற்று தணிந்த நாளையும் தேர்ந்தெடுக்கவில்லை. பெட்டிகள் துணையின்றிப் போன நாளைக் குறித்தார்கள். அன்று விடுமுறை கிடையாது. அரசாங்கக் கட்டடங்களில் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். ஒரு நிமிட மௌனம் காக்கப்படும். விரும்பும் தொழிலாளர்கள் ஒரு மணி நேர ஊதியத்தையோ அதற்கு மேலுமோ அறிவியல் ஆராய்ச்சிக்குக் கொடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. திதியன்று அன்னதானம் செய்யும் நமக்கு இது புதிதன்று.

சீனாவோ புது நாள் தேடவில்லை. நம் அண்டை வீட்டுச் சீனர்கள் முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்யும் செங் பெங் திருநாள் 2020இல் ஏப்ரல் 4ஆம் தேதி வந்தது. அதையே அவ்வாண்டு தேசியத் துக்க நாளாக அறிவித்து, காலை 10 மணிக்கு 3 நிமிடம் மௌனம் அனுசரித்தார்கள்.

பெர்காமோவில் லாரிகள் புறப்பட்ட அதே மார்ச் 18ஆம் நாள்தான் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஜொகூர் பாலத்தின் இக்கரையில் மகனும் அக்கரையில் தாயின் உடலுமாகப் பிரிந்துபோன குடும்பங்கள் உண்டு. பின்னர் சிங்கப்பூரிலும் துக்க வீட்டில் ஒரே சமயத்தில் 10 பேருக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி வந்தது; வாசலோடு திரும்பியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுள் எவரேனும் விட்டுப்போன கடமையை எண்ணி இன்றும் வருந்தினால், வரும் மகாளய அமாவாசையன்று குருக்களிடம் அப்பெயரைச் சொல்லித் தர்ப்பணம் செய்யலாம். திதி தெரிந்திருந்தாலும் தடையில்லை.