மாருதி 800-க்கு வந்த ரேஸ் ஆசை!

பனியன் கம்பெனிக் கணக்கு நோட்டுகளை மூட்டை கட்டிவிட்டு, ரேஸ் பார்க்கத் தம்பியோடு பல்லடம் வழியாகச் செட்டிபாளையம் கிளம்பினேன். என் பைக் வழியில் நிற்காமல் போய்ச் சேர்ந்ததே பெரிய சாதனை, ஸார்!

அங்கேதான் கரி மோட்டார் ஸ்பீட்வே. "ஏண்ணா, டயர் கருகறதாலயா இந்தப் பேரு?" என்றான் தம்பி.

அட மக்கு! எஸ்.கரிவர்தன். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. ரேஸ் கார் என்பது பெரிய பணக்காரர்கள் சமாச்சாரமாக இருந்தபோது, மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? நாம் குடும்பத்தோடு மருதமலைக்குப் போகிற மாருதி 800-ன் இன்ஜினை எடுத்தார். 796 சி.சி., மூணே சிலிண்டர். மாருதியில் முன்னால் இருப்பதை டிரைவர் முதுகுக்குப் பின்னால் மாட்டினார். ஒற்றை சீட். 'ஃபார்முலா மாருதி' ரெடி! எல்லோருக்கும் ஒரே இன்ஜின் என்றால் பர்ஸ் ஜெயிக்காது. ஓட்டுகிறவன் கை ஜெயிக்கும். ஸ்பேர் பார்ட்ஸும் உள்ளூர்க் கடையிலேயே!

அதில் ஓட்டப் பழகியவர்தான் கோவை நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர்.

கரிவர்தன் அதைப் பார்க்கவில்லை. 1995-லேயே விமான விபத்தில் போய்விட்டார். அவர் பெயரில் 2003-ல் திறந்த இந்த டிராக்கையும்தான்.

தம்பி வேலிக் கம்பியை விடவே இல்லை. திரும்பும்போது, "அண்ணா, நம்ம பைக் இன்ஜினைக் கழட்டி..." என்று ஆரம்பித்தான்.

"மொதல்ல எறங்கித் தள்ளுடா" என்றேன்.