கோளாறு பெட்டியிலா, ஒயரிலா?

(மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுப் பொறியியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கவிதை கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. ஆகவே நான் செய்த ஒரு ரிப்பேரைப் பற்றி எழுதுகிறேன். இதில் நான் சறுக்கி விழுந்த இடமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் வழியில் இருக்கிறது. சுற்றிலும் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. கிணறு இருக்கிறவர்களுக்குத்தான் தோட்டம். என் அப்பா கூலி வேலை, அம்மா தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். முதல் வருஷம் ஃபீஸ் கட்டப் பெரியப்பா ஒரு வெள்ளாட்டை விற்றுக் கொடுத்தார். அந்தக் கடன் இன்னும் இருக்கிறது.

பெரியப்பாவுக்கு ஒரு கிணறு, முக்கால் ஏக்கர் மிளகாய். மும்முனைக் கரண்டு போய் நடுச்சாமத்தில் திரும்பி வந்தால், டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வரப்பு வழியே போய் மோட்டாரைப் போட வேண்டும். போன ஐப்பசியில் பக்கத்துத் தோட்டத்துக்காரரை அந்த நேரத்தில்தான் கட்டுவிரியன் கடித்தது. ஆள் பிழைத்ததே பெரிய பாடு. அதற்கப்புறம் பெரியம்மா ஒரே பிடியாய் நின்று மொபைல் ஸ்டார்ட்டர் வாங்க வைத்தார்கள். அதற்கு இரண்டு ஆடு போனது.

மொபைல் ஸ்டார்ட்டர் என்பது என்ன? பட்டணத்து வீடுகளில் லைட்டையும் ஃபேனையும் போனிலேயே போட்டு அணைக்க ஒரு பெட்டி வைக்கிறார்களே, அதன் கிராமத்து அண்ணன் என்று சொல்லலாம். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். நாம் வீட்டிலிருந்து போன் போட்டால் உள்ளே இருக்கும் ரிலே வேலை செய்து ஸ்டார்ட்டரை இயக்கும். ஒரு ஃபேஸ் இல்லாவிட்டாலும், கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் மோட்டாரை நிறுத்திவிடும் வசதியும் பல பெட்டிகளில் உண்டு.

புதுப் பெட்டி மக்கர் செய்தது

மாட்டிய அன்றைக்கே பெட்டி சரியாகக் கிளம்பவில்லை. விளக்கு எரியும், நாலைந்து நொடியில் அணையும், மறுபடி எரியும். போன் போட்டால் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று வரும். கடையில் கேட்டதற்கு, “போர்டு போயிருச்சு, மாத்தணும், மூவாயிரத்து ஐநூறு ஆகும்” என்றார்கள்.

பெரியப்பா எனக்குப் போன் செய்தார். “ஏலே, நீ கரண்டு படிப்புதான படிக்கிற? வந்து என்னன்னு பாரு. இல்லேன்னா இன்னொரு ஆட்டையும் பிடிச்சுக் குடுக்க வேண்டியதுதான்.”

ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரும் கையுமாகப் போனேன். தெருவே பின்னால் வந்தது. மாட்யூலுக்குப் போகும் வோல்டேஜைப் பார்த்தேன். 4 வோல்ட், சரியாக இருந்தது. சிம்மைக் கழற்றி மாட்டினேன். அப்படியே இருந்தது. கடைசியில் அவசரப்பட்டு ரீசெட் பொத்தானை அமுக்கினேன். பதிந்து வைத்திருந்த போன் நம்பர்கள் எல்லாம் அழிந்துபோயின. கோளாறு மட்டும் போகவில்லை! அப்பத்தா, “மூணு வருசம் படிச்சது இதுக்குத்தானா?” என்று கேட்டுவிட்டாள். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தது.

லேபில் ஓடியது!

மாட்யூலையும் பவர் சப்ளை போர்டையும் கழற்றி மறுநாள் பாலிடெக்னிக்குக் கொண்டுவந்தேன். எங்கள் சாரிடம் அனுமதி வாங்கி லேபில் இரண்டையும் இணைத்து ஓட்டினோம். என்ன ஆச்சரியம்! ஒரு குறையும் இல்லாமல் கிளம்பியது, போன் போட்டால் மணி அடித்தது. சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “உங்க தோட்டத்தில இதை எப்படி மாட்டியிருந்தாங்க?”

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மோட்டார் ரூம் பள்ளத்தில் இருக்கிறது, தகரக் கூரை வேறு. உள்ளே சிக்னல் இல்லை என்று வயரிங் செய்தவர் மாட்யூலை மட்டும் தனியாக எடுத்து வெளியே கம்பத்தில் கட்டிவிட்டார். பவர் சப்ளை உள்ளேயே இருந்தது. நடுவில் 4 மீட்டருக்கு மெல்லிசான ஒயர். “அந்த ஒயரையே கொண்டு வா” என்றார் சார்.

கொண்டுவந்து அதே ஒயரால் இணைத்தோம். பெட்டி உடனே பழைய மாதிரி எரிந்து அணைய ஆரம்பித்தது. ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால், மாட்யூல் டவரைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் பள்ளத்தில் விழுந்து எழுந்தது.

காரணம் என்ன?

2ஜி மாட்யூல் தொடர்ச்சியாகப் பேசாது, விட்டு விட்டுப் பேசும். ஒரு துடிப்பு 577 மைக்ரோ செகண்டுதான். இணைப்பில் இருக்கும்போது நொடிக்குச் சுமார் 217 துடிப்பு. அந்தத் துடிப்பின்போது மட்டும் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மற்ற நேரத்தில் மிகக் கொஞ்சம்தான். மல்டிமீட்டரோ நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் அளந்து சராசரியைக் காட்டும். ஆகவே அந்தப் பள்ளம் அதன் கண்ணில் படாது. நான் பார்த்த 4 வோல்ட் பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒயரின் குறுக்குப் பரப்பு 0.2 சதுர மில்லிமீட்டர். போக 4 மீட்டர், வர 4 மீட்டர், ஆக 8 மீட்டர் செம்பு. இதன் மின்தடை ஏறத்தாழ 0.7 ஓம். ஓம் விதிப்படி 2 ஆம்பியரை 0.7 ஓமால் பெருக்கினால் 1.4 வோல்ட். இது வழியிலேயே போய்விடும். 4 வோல்ட்டில் மிச்சம் 2.6. இந்த வகை மாட்யூலுக்குக் குறைந்தது 3.4 வோல்ட் வேண்டும். அதனால் கூப்பிட வாயைத் திறக்கும்போதெல்லாம் மயங்கி விழுந்து, எழுந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. முதல் வருஷத்தில் நாம் மனப்பாடம் செய்த ஓம் விதி ஆட்டு விலைக்குச் சமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இதைப் பெரியப்பாவிடம் விளக்கப் போனேன். பாதியிலேயே அவர், “இதுக்கு எதுக்குடா இம்புட்டுக் கணக்கு? சும்மா நிக்கையில எல்லா மாடும் நல்ல மாடுதான். பாரம் ஏத்தி மேட்டுல விட்டாத்தான் எது படுக்கும்னு தெரியும்” என்றார். ‘லோடு கொடுத்து அளக்க வேண்டும்’ என்று புத்தகம் சொல்வதும் அதுதானே!

மாட்யூலைப் பழையபடி பவர் சப்ளைக்குப் பக்கத்திலேயே வைத்தோம். 3 மீட்டர் கேபிளோடு ஒரு ஆன்டெனா வாங்கி அதை மட்டும் வெளியே கம்பத்தில் ஏற்றினோம். நீளக் கேபிளில் சிக்னல் கொஞ்சம் குறையும், ஆனால் கரண்டு குறையாது. நம்பர்களைத் திரும்பப் பதிந்தேன். செலவு 280 ரூபாய்.

உங்கள் வீட்டுப் பெட்டி கிளம்பாவிட்டால்

மொபைல் ஸ்டார்ட்டரோ, வீட்டு ஒய்-ஃபை பெட்டியோ, லைட் போடும் ஸ்மார்ட் பெட்டியோ, எதுவானாலும் இந்த வரிசையில் பாருங்கள்.

1. முதலில் பாதுகாப்பு. மோட்டார் ரூமில் இருப்பது 415 வோல்ட். மெயினை இறக்காமல் மூடியைத் திறக்காதீர்கள். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் கிட்டே போக வேண்டாம். மெயின் பக்கத்தைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

2. அடாப்டரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். வோல்ட் பெட்டி கேட்கிற அளவே இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. 12 வோல்ட் 2 ஆம்பியர் கேட்கிற பெட்டிக்கு 12 வோல்ட் அரை ஆம்பியர் அடாப்டரைப் போட்டால், விளக்கு எரியும், வேலை நடக்காது.

3. ஒயரையும் முறுக்கு ஜாயிண்டையும் பாருங்கள். பெட்டி வேலை செய்ய முயலும்போது, பெட்டியின் வாசலிலேயே அளந்து பாருங்கள். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் குட்டையான, தடித்த ஒயரில் ஓட்டிப் பாருங்கள்.

4. சிம்மையும் சிக்னலையும் கவனியுங்கள். ஜியோ 2016 செப்டம்பரில் வந்தபோதே 4ஜி மட்டும்தான், அதில் 2ஜி கிடையாது. ஆகவே 2ஜி மாட்யூலில் அந்த சிம் பிடிக்காது. பல 2ஜி மாட்யூல்களில் சிறு விளக்கு நொடிக்கு ஒருமுறை போல மின்னினால் டவரைத் தேடுகிறது, மூன்று நொடிக்கு ஒருமுறை மின்னினால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். வீட்டுப் பெட்டியானால், பல ஸ்மார்ட் பிளக்குகள் 2.4 கிகா ஹெர்ட்ஸ் ஒய்-ஃபையில் மட்டுமே சேரும், 5-இல் சேராது.

5. எர்த்தை மறக்காதீர்கள். பங்குனி, சித்திரையில் கரிசல் மண் கை நுழையும் அளவு வெடிக்கும். எர்த்துக் குழாயை ஒட்டி இருக்கும் மண் விலகினால் எர்த்து பேருக்குத்தான் இருக்கும். கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றி வாருங்கள்.

6. ரீசெட் கடைசியில்தான். அதற்கு முன் எல்லா நம்பரையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் பட்டது போதும்!

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எதனால் சரியாச்சு என்று தெரியாது.

இப்போது பெரியப்பா கட்டிலில் படுத்தபடியே மோட்டாரைப் போடுகிறார். டார்ச் லைட் ஆணியில் தொங்குகிறது. ரிப்பேர் முடிந்த அன்று 300 ரூபாயைக் கையில் கொடுத்தார். மீதி 20 ரூபாயை நீட்டினேன். “வச்சுக்கிடு, டீ குடி” என்றார். என் படிப்பு எனக்குச் சம்பாதித்துக் கொடுத்த முதல் பணம் அது. இன்னும் செலவழிக்கவில்லை.

ஆகவே நண்பர்களே, ‘போர்டு போயிருச்சு’ என்று யாராவது சொன்னால் உடனே நம்பி ஆட்டை விற்றுவிடாதீர்கள். முதலில் ஒயரைப் பாருங்கள்!