தெல்தோட்டைக்குத் திரும்புகிறீர்களா? சைக்கிள் டயர் வாங்குமுன் வாசியுங்கள்

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு நீங்கள் இப்போதுதான் வீடு திரும்புகிறீர்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து லயம் வரை, லயத்திலிருந்து பிள்ளையின் பாடசாலை வரை சைக்கிளை நம்பியிருப்பவர்களுக்காக இந்தப் பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. மலையில் சைக்கிளா என்று சிலர் கேட்பார்கள். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும், உண்மைதான். ஆனால் மா மூட்டையைத் தோளில் சுமப்பதைவிடக் கரியரில் கட்டித் தள்ளுவது இலேசு. அதற்கு டயரில் காற்று நிற்க வேண்டும்.

இப்போது தெருவில் கிடப்பது வழக்கமான முள்ளும் கல்லும் மட்டுமல்ல. வீடுகள் இடிந்த இடங்களில் கூரைத்தகட்டு ஆணி, வேலிக்கம்பித் துண்டு, கண்ணாடி எல்லாம் சேற்றோடு கலந்திருக்கும். சேறு காய்ந்தபின் மேலே ஒன்றும் தெரியாது. ஈரமான ரப்பரைக் கண்ணாடி மிக எளிதாக வெட்டும். அதனால் மழைநாளில் பஞ்சர் கூடுதலாக வரும். நீளமான கூரை ஆணி நேராகக் குத்தினால் எந்த விலை டயரும் தாங்காது. 'பஞ்சரே வராது' என்று கடைக்காரர் சொன்னால் அதை நம்பிக் காசைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். ஏழு தடவை வருவதை இரண்டு தடவையாகக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

கடைக்குப் போகுமுன் பழைய டயரின் பக்கவாட்டைத் துடைத்து அங்கே அச்சிட்டிருக்கும் இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். அதிகமானோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். '26 அங்குலம்' என்று கேட்டால் இரண்டு வேறு டயர்கள் கிடைக்கும். சாதாரண சைக்கிளின் 26 × 1⅜ டயரில் 37-590 என்று இருக்கும். மலைச் சைக்கிள் என்று விற்கும் வண்டியின் 26 × 1.95 டயரில் 50-559 அல்லது 47-559 என்று இருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம். இரண்டும் மில்லிமீற்றரில் உள்ளவை. 590க்கும் 559க்கும் 31 மில்லிமீற்றர் வித்தியாசம் இருப்பதால் ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது, அல்லது தொளதொளவென்று நிற்கும். பழைய பெரிய சைக்கிளின் 28 × 1½ டயரில் 40-635 என்று இருக்கும். நன்கொடையாக வந்த சைக்கிள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டாவது எண் கட்டாயம் பொருந்த வேண்டும். முதல் எண் சிறிது கூடிக் குறையலாம், ஆனால் அகலம் கூடினால் மட்காட்டிலும் பிரேக்கிலும் உரசுகிறதா என்று பாருங்கள். அங்கே ஒரு விரல் நுழைய இடம் இல்லாவிட்டால் தோட்டப் பாதைச் சேறு அடைத்துச் சக்கரம் சுற்றாது.

அடுத்து, ஆணிக்கும் கண்ணாடிக்கும் எது தடுப்பு? சில டயர்களில் வெளி ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூல்துணிக்கும் நடுவே ஒரு காப்புப் பட்டை இருக்கும். அது தடித்த ரப்பராகவோ கெவ்லார் வகை இழையாகவோ இருக்கலாம். ஜேர்மனியின் ஷ்வால்பே 'மரதன் பிளஸ்' டயரில் இந்தப் பட்டை 5 மில்லிமீற்றர் தடிப்பு. அது விலை கூடிய டயர், உங்கள் பக்கக் கடையில் தேடி அலைய வேண்டியதில்லை. அந்தக் கட்டமைப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளவே அதைச் சொல்கிறோம். சாதாரண டயரையும் கையால் சோதிக்கலாம். நடுப்பகுதியை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், தடிப்பாக இருக்கவேண்டும். பக்கவாட்டில் நூல் வெளியே தெரிந்தால், அல்லது நெடுநாள் கடையில் கிடந்து சின்னச் சின்ன வெடிப்பு விழுந்திருந்தால் வேண்டாம்.

கலஹா வழியாகக் கண்டிக்குப் போகும் வீதி தார் வீதி. அதைவிட்டுத் திரும்பியதும் கல்லும் மண்ணும்தான். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிடத் தொடங்கிய லூல்கந்துர தோட்டமும் இந்த மலைப்பக்கத்தில்தான் இருக்கிறது. தோட்டப் பாதைகள் அன்றும் இன்றும் சைக்கிளுக்கென்று போட்டவை அல்ல. ஆகவே நடுவில் தொடர்ச்சியான மேடும் இரண்டு ஓரத்திலும் குமிழ்களும் உள்ள டயரைப் பாருங்கள். தாரில் நடுமேடு இலேசாக ஓடும், சேற்றில் ஓரக் குமிழ் பிடிக்கும். முழுவதும் பெரிய குமிழாக உள்ள டயர் தார் வீதியில் இழுக்கும், சீக்கிரம் தேயும். மொட்டை டயர் ஈர மண்ணில் சறுக்கும். பிரேக்கும் ஒத்துழைக்காத மழைநாளில் இறக்கத்தில் அது ஆபத்து. நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பல பஞ்சர்களுக்குக் காரணம் ஆணியல்ல, காற்றுக் குறைவு. காற்றுக் குறைந்த சக்கரம் கல்லில் மோதும்போது டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசிபடும். டியூபைக் கழற்றிப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை இருக்கும், பாம்பு கொத்தியதுபோல. இதற்குக் காப்புப் பட்டை உதவாது, பம்ப்தான் மருந்து. எவ்வளவு காற்று என்பது டயரிலேயே எழுதியிருக்கும். இரண்டு அங்குல அகலமான டயரில் ஒரு பெரியவரும் சுமையும் போனால், பின்சக்கரத்துக்கு 45 முதல் 50 பிஎஸ்ஐ வரை போதும். முன்சக்கரத்துக்குச் சற்றுக் குறைவாக வைக்கலாம். டயரில் உள்ள உச்ச அளவை எப்போதும் தாண்டக்கூடாது. பெற்றோல் செட்டில் லொறிக்கு அடிக்கும் குழாயால் சைக்கிளுக்கு அடித்தால் ஒரு நொடியில் வெடித்துவிடும். கைப்பம்பே பாதுகாப்பு.

டயர் வாங்கக் காசு போதாதவர்கள் பழைய டியூபை நீளமாகக் கீறி டயருக்கும் புது டியூபுக்கும் நடுவே பட்டையாக விரிக்கலாம். சைக்கிள் திருத்துபவர்கள் நெடுங்காலமாகச் செய்கிற வேலைதான், சிறிய முள்ளுக்கு நன்றாகவே உதவும். பட்டையின் விளிம்பு மடிந்திருந்தால் அதுவே டியூபைத் தேய்த்து ஓட்டையாக்கும் என்பதால் பொறுமையாக விரிக்கவேண்டும். டியூபுக்குள் ஊற்றும் பால் போன்ற திரவம் சிறு துளைகளைத் தானே அடைக்கும், ஆனால் சில மாதங்களில் காய்ந்துவிடும். காற்றில்லாத கட்டி ரப்பர் டயர் இந்தப் பாதைக்கு வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். பாரம் கூட, அதிர்ச்சி முழுவதும் ஸ்போக் கம்பிக்கும் உங்கள் முதுகுக்கும் போகும்.

ஒரு டயர்தான் வாங்க முடியும் என்றால் முதலில் முன்டயரைப் பாருங்கள். அது நூல் தெரியத் தேய்ந்திருந்தால் புதியதை முன்னுக்கே போடுங்கள். இறக்கத்தில் முன்டயர் வெடித்தால் வண்டியைத் திருப்பிப் பிடிக்க முடியாது. முன்டயர் சரியாக இருந்தால் காப்புப் பட்டை உள்ளதைப் பின்னுக்குப் போடுங்கள். பாரம் அங்கேதான், பஞ்சரும் அங்கேதான் கூட.

காற்றுப் போனதும் ஒட்டுப் போடுவதோடு நிறுத்தாமல் டயரின் உட்புறத்தைப் பழந்துணியால் சுற்றித் துடையுங்கள். ஆணியின் நுனியோ கண்ணாடித் துணுக்கோ துணியில் சிக்கும். விரலால் தேடாதீர்கள். துளை ரிம் பக்கமாக இருந்தால் குற்றம் வீதியில் இல்லை, ரிம்முக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனியில் இருக்கிறது. துளையே காணவில்லை, ஆனாலும் இரவில் காற்று இறங்குகிறது என்றால் பழைய வகை வால்வைக் கழற்றுங்கள். உள்ளே உள்ள சின்ன ரப்பர் குழாய் வெடித்திருக்கும். மிக மலிவான சாமான், இரண்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.