அடுப்படிப் புகையும் வீணாகும் எருவும்

கிராமத்து வீடுகளில் அடுப்பங்கரைச் சுவர் கறுத்திருப்பதை எவரும் குறையாக எண்ணுவதில்லை. புகை கொசுவை ஓட்டும், கூரைக் கீற்றைப் பூச்சியினின்று காக்கும் என்று பெரியோர் கூறுவதிலும் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் சுவரில் படியும் அக்கரியே அடுப்பூதும் பெண்களின் நுரையீரலிலும், அவர்கள் மடியிலிருக்கும் குழந்தைகளின் நுரையீரலிலும் சென்று படிகிறது. கண்ணெரிச்சல் இதன் தீமைகளில் மிகச் சிறியது. நாட்பட்ட இருமல், இளைப்பு, கண்புரை, குழந்தைகளுக்குக் காணும் நிமோனியா ஆகியவை இப்புகையால் அதிகரிக்கின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசி, நாட் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாதென உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் வரையறுத்தது. ஜன்னலில்லாத அறையில் வரட்டி எரியும் வேளையில் இது பல நூறாக ஏறிவிடும்.

வரட்டியால் நஷ்டம் இருவகைத்து. சாணத்திலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடுகிறது. மணிச்சத்தும் சாம்பல்சத்துமே சாம்பலில் எஞ்சுகின்றன. வயலுக்குரிய எருவை அடுப்பிலிட்டுவிட்டு, யூரியா மூட்டைக்குப் பணம் கொடுப்பது விவேகமாகாது.

நாலைந்து மாடுகள் உடையோர் சாண எரிவாயுக் கலன் அமைத்துக்கொள்வது நலம். நாள்தோறும் 25 கிலோ சாணத்தைச் சம அளவு நீரில் கரைத்து விட்டுவந்தால், சில வாரங்களில் நாளொன்றுக்குச் சுமார் ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கத் தொடங்கும். இரண்டு கன மீட்டர்க் கலன் சிறு குடும்பத்தின் சமையலுக்குப் போதும். வாயு புகையின்றி நீலமாக எரியும். வெளிவரும் கரைசலிலோ தழைச்சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதை எருக்குழியில் இலைதழைகளோடு சேர்க்கலாம். குளிர்காலத்தில் வாயு குறையுமாதலால், கலனை வெயில் படும் இடத்தில் அமைக்க வேண்டும்.

2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் பல வீடுகளுக்குச் சிலிண்டர் வந்த பின்னரும், வெந்நீருக்கும் நெல் அவிப்பதற்கும் பருத்திக்கொட்டை வேகவைப்பதற்கும் விறகடுப்பு மூட்டுவது நின்றபாடில்லை. அவ்வடுப்பைக் கொல்லைப்புறத்தில் திறந்த கொட்டகைக்கு மாற்றுவதே முதற்காரியம். விறகைப் பிளந்து, மழை படாமல் அடுக்கி, நன்றாக உலர்ந்த பின்னரே எரிக்க வேண்டும். ஈர விறகின் வெப்பத்தில் ஒரு பகுதி அதிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. உள்ளேயே அடுப்பு வேண்டுமாயின் கூரைக்கு மேல் உயர்ந்த புகைபோக்கி அவசியம். மாதம் ஒருமுறை கரி தட்டாத புகைபோக்கி அடைபட்டுப் புகையை அறைக்குள்ளேயே திருப்பும். கீற்றுக் கூரையாயின், குழாய் கூரையைத் துளைக்காமல் மண்சுவரின் வழியே வெளியேறட்டும். கூரையோரத்தைத் தொடாதவாறு எட்டி நிற்கட்டும்.