பையில் கத்தி இருந்தால் காரணமும் இருக்கட்டும்

பலெர்மோவில் லிபெர்த்தா சாலையோர வீடுகளுக்குச் சமைக்கவும் முதியோரைப் பராமரிக்கவும் போகும் எம்மவர் பையில் ஒரு மடக்குக்கத்தி கிடப்பது புதிதல்ல. பழம் வெட்ட, பெட்டி பிரிக்க உதவும். அதே கத்தி பொலிஸ் சோதனையில் குற்றவழக்காகலாம்.

சட்டம் கேட்பது

இத்தாலியின் 1975ஆம் ஆண்டு 110ஆம் இலக்கச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, தகுந்த காரணமின்றி வெட்டும் கருவியை வெளியே கொண்டுசெல்வது குற்றம். சிறையும் அபராதமும் உண்டு. "அலகு நாலு விரலுக்குள் இருந்தால் பயமில்லை" என்ற பேச்சை நம்ப வேண்டாம்; சிறிய கத்திக்கும் காரணம் வேண்டும். தற்காப்புக்கு என்பது காரணமாகாது. மத நம்பிக்கையும் கைகொடுக்கவில்லை: 2013இல் மாந்தோவா அருகே கிர்பான் என்னும் சமயக் குறுவாளுடன் பிடிபட்ட சீக்கியருக்கு விதித்த 2,000 யூரோ அபராதத்தை இத்தாலிய உச்ச நீதிமன்றம் 2017இல் உறுதிசெய்தது.

பழையதா, புதியதா?

பழைய பாணிக் கத்தியை இரண்டு கையாலும் திறக்க வேண்டும்; பெரும்பாலும் பூட்டு இராது. அழுத்தி வெட்டினால் அலகு விரல்மேல் மடங்கலாம். புதிய பாணியில் பெருவிரலால் தள்ளினாலே அலகு திறந்து பூட்டிக்கொள்ளும். விரலுக்கு அது பாதுகாப்பு. ஆனால் சோதிப்பவர் கண்ணுக்கு ஆயுதமாகத் தோன்றலாம். 1890இல் பிறந்த ஒப்பினெல் என்னும் பழைய பாணிக் கத்திக்கும் 1955 முதல் வளையப் பூட்டு உண்டு. ஆகவே பாணியின் பெயரைப் பார்க்காமல், திறக்கும் விதத்தையும் பூட்டையும் பாருங்கள். பொத்தானை அழுத்தினால் அலகு பாயும் கத்தி இத்தாலியில் ஆயுதமாகவே கருதப்படுகிறது; அதை வாங்கவே வேண்டாம்.

2023இல் அரசு கொண்டுவந்த ‘கைவானோ ஆணை’ இந்தக் குற்றத்துக்கான தண்டனைகளைக் கூட்டியது. கட்டுப்பாடுகள் தொடர்ந்து இறுகுகின்றன. வாங்குமுன் இன்றைய விதியை ஒரு சட்டத்தரணியிடம் விசாரியுங்கள்.

செய்ய வேண்டியவை

• தேவையில்லாத நாளில் கத்தியை வீட்டில் வையுங்கள். காரில் மறந்து விட்டாலும் சிக்கல்தான்.
• சமையல் வேலைக்குக் கொண்டுபோனால் உறையிலிட்டு, மற்றச் சாமான்களோடு பைக்குள் அடியில் வையுங்கள். புதிதாக வாங்கியதென்றால் பொதியைப் பிரிக்காமல் பற்றுச்சீட்டுடன் கொண்டுவாருங்கள்.
• ஃபாவொரித்தா பூங்காவில் பழம் வெட்டப் போகிறீர்களா? பழமும் கூடவே இருக்கட்டும். திரும்பியதும் கத்தியை எடுத்து வைத்துவிடுங்கள்.

பிடிபட்டால்

காரணத்தை அந்த இடத்திலேயே சொல்லுங்கள். உடனே சொன்ன, சரிபார்க்கக்கூடிய காரணத்துக்கே நீதிமன்றங்கள் மதிப்புக் கொடுக்கின்றன. பிறகு சொல்வது எடுபடாமல் போகலாம். இத்தாலிய மொழி புரியாவிட்டால் இலவச மொழிபெயர்ப்பாளர் உங்கள் உரிமை. சட்டத்தரணி இல்லையென்றால் அரசு ஒருவரை நியமிக்கும். வருமானம் குறைந்தவர்கள் அரசுச் செலவில் சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம். புரியாத தாளில் கையொப்பமிட வேண்டாம்.

கடிதங்கள் வந்துசேரும் முகவரியையே கொடுங்கள். விசாரணையின்றித் தபாலில் வரும் தண்டனை ஆணையை எதிர்க்க 15 நாட்களே உண்டு. அபராதத்தைக் கட்டினால் விஷயம் முடிந்துவிடும் என்று எண்ணாதீர்கள். குற்றப்பதிவு குடியுரிமை விண்ணப்பத்தையும் பாதிக்கக்கூடும். கடிதம் கைக்கு வந்த அன்றே சட்டத்தரணியிடம் போங்கள்.