பொத்தான் என்னும் சொல்

சட்டையின் இரு விளிம்புகளையும் இணைக்கும் சிறு வில்லையைப் பொத்தான் என்றும் பித்தான் என்றும் வழங்குகின்றோம். இதனைத் தனித்தமிழ்ச் சொல்லாகக் கொள்வாரும் உளர். பொத்துதல் என்னும் வினை மூடுதல், தைத்தல் என்னும் பொருள்களில் வருதலின், சட்டையின் திறப்பைப் பொத்துவது பொத்தான் ஆயிற்று என்பது அவர் கருத்து. கேட்டற்கு இனிய விளக்கமே. ஆயின் ஒலியொப்புமை ஒன்றே சொற்பிறப்பை நிறுவுதற்குப் போதாது.

வினையடியாகப் பிறக்கும் கருவிப்பெயர்கள் மூடி, தாங்கி, சுரண்டி எனப் பெரும்பாலும் இகர ஈறு பெறக் காண்கின்றோம். அம்முறைப்படி பொத்தி என்றன்றோ ஆதல் வேண்டும்? மேலும் இச்சொல் வங்காளத்தில் போதாம் எனவும், தெலுங்கில் பொத்தாமு எனவும், சிங்களத்தில் பொத்தம எனவும் வழங்குகின்றது. தமிழ் வினையொன்று வங்காளம் வரை சென்று இவ்வடிவம் பெற்றது எனல் பொருந்தாது. இவை அனைத்திற்கும் மூலமாய் நிற்பது போர்த்துக்கேயரின் பொதாவ் என்னும் சொல்லே. மலர்மொட்டு என்னும் பொருளும் அதற்கு உண்டு. அதன் ஈற்றிலுள்ள மூக்கொலி தமிழில் ஆன் என நிற்றலைக் கப்பித்தான் என்ற சொல்லிலும் காணலாம். ஆங்கிலத்தின் வழி வந்த வடிவமோ டகரம் பெற்றுப் பட்டன் என வழங்குகின்றது.

இம்முடிபுக்கு வலிமிக்க சான்று தையற்கடையிலேயே உளது. பொத்தான் நுழையும் துளையைத் தையற்காரர் காஜா என்பர். இந்தியில் அது காஜ் எனப்படும். போர்த்துக்கேய மொழியில் காஸா என்பது வீடு. பொத்தான் துளைக்கும் அதுவே பெயர். பொத்தானுக்கு வீடு அத்துளை என்க. வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டை அடைந்த பின்னர், அவர்தம் உடையோடு வில்லையின் பெயரும் அதன் வீட்டின் பெயரும் இந்நாட்டிற்கு வந்தன எனக் கொள்வதே முறை.

இதனால் தமிழர் தையற்றொழில் அறியாதவர் என்பது பெறப்படாது. துன்னம், தையல் என்பன நம் பழஞ்சொற்கள். சிலப்பதிகாரம் துன்னகாரரைக் குறிக்கின்றது. உடுத்தும் போர்த்தும் முடிந்தும் அணிந்த ஆடைக்குப் பொத்தான் வேண்டப்படவில்லை. ஆகவே பெயரும் வேண்டப்படவில்லை.

பித்தான் என்ற வடிவம் பற்றியும் ஒரு சொல். பேச்சில் பிள்ளை புள்ளையாகவும் பெட்டி பொட்டியாகவும் திரிகின்றன. அவ்வாறே பொத்தானும் திரிந்த வடிவம் போலும் என எண்ணி, அதனைத் திருத்தப் புகுந்தோர் பித்தான் ஆக்கினர் எனக் கருதுகின்றோம்.